விளையாட்டு நவம்பரில் முடிகிறது. வெளியீடு டிசம்பரிலா, ஏப்ரலிலா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். இருவராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் உழைத்த வியூக விளையாட்டு நவம்பர் இறுதியில் முடிந்துவிடும். கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் அதன் பக்கம் எட்டு மாதங்களாக இருக்கிறது. இதுவரை 2,300 பேர் அதைத் தங்கள் விஷ்லிஸ்டில், அதாவது பின்னால் வாங்கக் குறித்துவைக்கும் பட்டியலில், சேர்த்திருக்கிறார்கள். இலவசமாக ஆடிப்பார்க்கத் தரும் டெமோ எதுவும் வெளியிடவில்லை. குளிர்காலத் தள்ளுபடி விற்பனையின்போது ஸ்டீமில் கூட்டம் அலைமோதும் என்பதால் டிசம்பர் முதல் வாரத்திலேயே வெளியிட்டுவிடலாமா, ஆண்டு பிறக்கட்டும் என்று பொறுக்கலாமா, எந்தக் கிழமை நல்லது என்று கேட்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றியது இதுதான்: நாள் பார்த்துச் சொல்லும்படி கேட்கிறீர்கள், ஆனால் வேலை முடிந்த ஒரு விளையாட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலும் நான்கு மாதம் காத்திருப்பதால் ஏதாவது பயன் உண்டா என்பதே உங்களை அரிக்கும் கேள்வி. அதற்கு விடை கிடைத்துவிட்டால் நாள் பார்ப்பது அரை மணி நேர வேலை.

நான் ஒன்பது ஆண்டுகளில் நான்கு சிறிய விளையாட்டுகளை வெளியிட்டிருக்கிறேன். வேறு ஏழெட்டுக் குழுக்களுக்கு வெளியீட்டு வேலைகளில் உதவியிருக்கிறேன். அனைத்தும் கணினிக்கானவை, பெரும்பாலும் ஒருவர் தனியாக ஆடக்கூடியவை. ஆகவே இங்கே சொல்பவை அந்த வட்டத்துக்குள் பொருந்தும். பலர் ஒரே நேரத்தில் கூடி ஆடினால்தான் உயிர்பெறும் விளையாட்டுகளுக்கும், பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கும் கணக்கு வேறு. கன்சோல் நிறுவனங்களின் தரச்சோதனையில் ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்டாலே உங்கள் தேதி பல நாட்கள் தள்ளிப்போகும் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் தேதியின் பெரும்பகுதியை இவையே தீர்மானித்துவிடும். ஸ்டீமில் ஒரு விளையாட்டுக்கு 100 டாலர் கட்டணம் செலுத்திய நாளிலிருந்து 30 நாட்கள் கடந்தால்தான் அதை வெளியிட முடியும். ‘விரைவில்’ என்ற நிலையில் பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுப்பார்வையில் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் நீங்கள் எப்போதோ கடந்துவிட்டீர்கள். அடுத்தது, விற்பனைப் பக்கத்தையும் விளையாட்டின் பில்டையும் (ஆடுவதற்கான கோப்புகளின் தொகுப்பு) ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவன ஊழியர்கள் தனித்தனியே பார்த்து அனுமதிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாட்கள் ஆகும், குறை கண்டு திருப்பினால் மறுபடியும் வரிசையில் நிற்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தேதி பூட்டப்பட்டுவிடும். அதன் பிறகு நீங்களாகவே அதை மாற்ற முடியாது. வால்வுக்கு எழுதிக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எனவே ‘கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நீங்கள் நினைக்கும் அந்தக் கடைசி நேரம், உண்மையில் வெளியீட்டுக்குப் பதினைந்து நாட்கள் முன்பே வந்துபோய்விடுகிறது.

இப்போது டிசம்பர். குளிர்கால விற்பனைக்கு முன்னால் வெளியிட்டால் அந்தக் கூட்டத்தில் நமக்கும் பங்கு கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பானது; என் முதல் விளையாட்டை நானும் அப்படித்தான் வெளியிட்டேன். ஆனால் தள்ளுபடி விதி அதற்கு நேர் எதிராக நிற்கிறது. வெளியீட்டின்போது ஒரு தொடக்கத் தள்ளுபடி தரலாம். அது முடிந்த பின் 30 நாட்களுக்கு வேறு எந்தத் தள்ளுபடியும் தர முடியாது, பருவகால விற்பனைகளும் இதற்கு விலக்கல்ல. டிசம்பர் முதல் வாரத்தில் வெளியிட்டு ஒரு வாரம் தள்ளுபடி கொடுத்தீர்கள் என்றால், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் குளிர்கால விற்பனை தொடங்கும்போது உங்கள் விளையாட்டு முழு விலையில் நின்றுகொண்டிருக்கும். அதைச் சுற்றிலும், ஐந்தாறு ஆண்டுகளாக எல்லோரும் புகழ்ந்த விளையாட்டுகள் கால் விலைக்கும் அதற்குக் குறைவாகவும் கிடைக்கும். வாங்குபவர் பணப்பையைத் திறந்து வைத்திருக்கிறார் என்பது உண்மைதான், ஆனால் அது உங்களுக்காகத் திறந்திருக்கவில்லை. விற்பனை ஜனவரித் தொடக்கத்தில் முடியும்போது உங்கள் வெளியீடு ஒரு மாதப் பழைய செய்தியாகியிருக்கும்.

டிசம்பரின் பிற்பகுதியில் வேறு இடைஞ்சல்களும் உண்டு. வால்வில் விடுமுறைக் காலம் என்பதால் அனுமதிகளும் பதில்களும் மெதுவாகவே வரும். விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள் ஆண்டின் சிறந்தவை என்ற பட்டியல்களில் மூழ்கியிருப்பார்கள். இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டை நீங்களே எடுத்துவைப்பீர்கள் என்று தெரியும்: வேம்பயர் சர்வைவர்ஸ் 2021 டிசம்பர் 17 அன்று, அதாவது குளிர்கால விற்பனைக்குச் சில நாட்கள் முன்பு, முழுமையாகும் முன்பே விற்கும் ஏர்லி ஆக்சஸ் முறையில் வந்து, ஜனவரியில் பற்றிக்கொண்டது. உண்மை. ஆனால் அதன் விலை அப்போது 2.99 டாலர், தள்ளுபடி இல்லாமலேயே எந்தத் தள்ளுபடியோடும் போட்டியிடக்கூடிய விலை. பார்ப்பவருக்கு அரை நிமிடத்தில் புரிந்துவிடும் ஆட்டம் அது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்களுடையது முதல் ஒரு மணி நேரம் கற்றுக்கொள்ளவே தேவைப்படும் வியூக விளையாட்டு. அந்த வழி உங்களுக்கும் திறக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

காத்திருப்பதில் பயன் உண்டா என்ற உள்கேள்விக்கு வருகிறேன். ஒரு விளையாட்டை வெளியிடும் நாளில், அதை விஷ்லிஸ்டில் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஸ்டீம் தானாகவே மின்னஞ்சல் அனுப்புகிறது. பின்னாளில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ தள்ளுபடி தரும்போதும் இப்படி அஞ்சல் போகும். ஆனால் ‘இதோ வந்துவிட்டது’ என்ற செய்தி ஒரு முறைதான். அன்று உங்கள் பட்டியலில் 2,300 பேர் இருக்கிறார்களா, 8,000 பேர் இருக்கிறார்களா என்பதே முதல் வார விற்பனையைப் பெருமளவு முடிவு செய்யும். அந்த முதல் வார விற்பனையைப் பார்த்துத்தான் ஸ்டீம் உங்களை மேலும் பலருக்குக் காட்டுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்று தீர்மானிக்கிறது. 2024இல் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவந்தன. நாளொன்றுக்கு ஐம்பது அளவில். இந்த வெள்ளத்தில் எந்த நாளைத் தேர்ந்தாலும் அது கூட்டமான நாள்தான். ஆகவே எந்த நாளில் வருகிறீர்கள் என்பதைவிட, எத்தனை பேர் உங்களுக்காகக் காத்திருக்கும்போது வருகிறீர்கள் என்பதே பெரிது. என் அனுபவத்தில் இதைவிட உறுதியாக நான் சொல்லக்கூடியது வேறொன்றில்லை.

இங்கே ஊகத்தையும் உண்மையையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்டீம் முகப்பில் ‘பாப்புலர் அப்கமிங்’ என்ற பட்டியல் உண்டு. வெளிவரவிருப்பவற்றில் போதிய ஆர்வம் சேர்ந்தவை தேதி வரிசையில் அதில் வரும். விஷ்லிஸ்ட் எண்ணிக்கை அதற்கு முக்கியம் என்பது உண்மை. ஆனால் ‘7,000 பேர் இருந்தால் உள்ளே விடுவார்கள்’, ‘இல்லை, 10,000 வேண்டும்’ என்று உருவாக்குநர்களிடையே வழங்கும் எண்கள் வால்வ் அறிவித்தவையல்ல. பலர் தங்கள் விளையாட்டு எப்போது அந்தப் பட்டியலில் தென்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பெற்றவை. அண்மையில் சேர்ந்தவர்களின் வேகத்துக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்று நான் நினைக்கிறேன், ஆனால் அதுவும் நினைப்புத்தான். 2,300 என்பது இந்த எண்கள் எதற்கும் அருகில் இல்லை என்பது மட்டும் உறுதி. அதேபோல், இத்தனை பேர் விஷ்லிஸ்டில் இருந்தால் இத்தனை பிரதி விற்கும் என்று வாய்ப்பாடு சொல்பவர்களை நம்பாதீர்கள். நான் கைவைத்த விளையாட்டுகளிலேயே அந்த விகிதம் ஒன்றுக்கொன்று நான்கு மடங்கு வேறுபட்டது.

அந்த எண்ணிக்கையை உயர்த்த உங்கள் கையில் இன்னும் செலவழிக்காமல் இருக்கும் ஒரே பெரிய நாணயம் டெமோ. ஸ்டீம் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. இன்னும் வெளிவராத விளையாட்டுகள் தங்கள் டெமோவோடு ஒரு வாரம் அதில் பங்கேற்கலாம். ஒரு விளையாட்டுக்கு ஒரே ஒரு முறைதான் இடம். டிசம்பரில் வெளியிட்டுவிட்டால் அந்த உரிமை தொலைந்துபோகும், திரும்ப வராது. உங்கள் நிலையில் டிசம்பருக்கு எதிராக நான் சொல்லும் காரணங்களில் இதுவே கனமானது. பதிவு செய்யும் கடைசி நாள் விழாவுக்குப் பல வாரங்கள் முன்பே வந்துவிடும் என்பதால் இன்றே உருவாக்குநர் பக்கத்தில் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம்: நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்கும் வண்டியைத் தள்ளிவிடும், நின்றுபோன வண்டியைக் கிளப்பாது. அங்கே நூற்றுக்கணக்கில் அல்ல, ஆயிரக்கணக்கில் டெமோக்கள் குவிகின்றன. முன்கூட்டியே கவனம் பெற்றவையே அதில் மேலெழும்புகின்றன. எனவே டெமோவை விழா நாளில் முதன்முதலாகத் திறக்காமல், ஐந்தாறு வாரங்கள் முன்பே, ஜனவரி நடுவில் வெளியிடுங்கள். வியூக விளையாட்டுகளை மட்டுமே ஆடும் சிறிய யூடியூபர்களுக்கும், ஆட்டத்தை நேரலையில் காட்டும் ஸ்ட்ரீமர்களுக்கும் நேரடியாக எழுதுங்கள். பெரிய பெயர்களுக்குப் பின்னால் ஓடுவதைவிட இது பயன் தருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

டெமோவால் வேறொரு நன்மையும் உண்டு. நாள் குறிப்பதில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘நவம்பரில் முடிந்துவிடும்’ என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்நியர்கள் இருநூறு பேர் ஆடிப் பார்க்கும்வரை எந்த விளையாட்டும் முடிந்ததாகக் கணக்கில்லை. என் இரண்டாவது விளையாட்டை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வெளியிட்டேன். கணினியின் பயனர் பெயரில் ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்தால் ஆட்டத்தைச் சேமிக்க முடியாமல் போனது. எங்கள் இருவர் கணினியிலும் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் ஆண்டுக்கணக்கில் அது கண்ணிலேயே படவில்லை. அந்தப் பகுதியை எழுதிய நண்பர் பயணத்தில் இருந்தார். ஞாயிறு இரவுதான் அதைத் திருத்தும் பேட்ச் போட முடிந்தது. அதற்குள் முதல் பத்து ரிவியூக்கள் வந்து சேர்ந்திருந்தன. பத்து ரிவியூ வந்ததும்தான் ஸ்டீம் ஒட்டுமொத்த மதிப்பீட்டைப் பக்கத்தின் தலையில் காட்டத் தொடங்கும். எங்கள் தலையில் வந்து உட்கார்ந்தது ‘கலவையான’ என்ற சொல். அதை மாற்ற நான்கு மாதம் ஆயிற்று. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உங்கள் விளையாட்டில் முதல் ஒரு மணி நேரம் கற்பதற்கே போகிறது என்றால், அந்த ஒரு மணி நேரம் தெளிவாக இல்லாதது பக் (நிரல் பிழை) இருப்பதற்குச் சமமான சேதத்தைத் தரும். அதைத் திருத்துவதற்கான இடம் டெமோதான்.

கிழமையைப் பற்றிச் சுருக்கமாக: செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒன்று. இதற்குப் பின்னால் மர்மமான கணக்கு எதுவும் இல்லை. வெளியான பிறகு பேட்ச் ஏற்ற வால்வின் அனுமதி தேவையில்லை, ஞாயிறு நள்ளிரவிலும் ஏற்றலாம். ஆனால் கடைப் பக்கத்திலோ விலையிலோ சிக்கல் வந்தால் உதவக்கூடியவர்கள் அமெரிக்க மேற்குக் கரையின் வேலை நாட்களில்தான் இருப்பார்கள், எழுதுபவர்களும் அப்படியே. வெளியிட்ட பின் இரண்டு மூன்று வேலை நாட்களாவது மீதம் இருக்க வேண்டும் என்பதே காரணம். கடையின் தள்ளுபடிகளும் புதிய வெளியீடுகளும் பசிபிக் நேரம் காலை 10 மணியை ஒட்டியே மாறும் வழக்கம் என்பதால் அந்த நேரத்தையே வைத்துக்கொள்ளலாம். செவ்வாயைவிட வியாழன் இத்தனை விழுக்காடு மேல் என்று யாராவது வரைபடம் காட்டினால் ரசித்துவிட்டு நகருங்கள். வியாழனில் வெளியிடுபவர்களில் அனுபவமுள்ளவர்கள் அதிகம் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

எந்தப் பெரிய வெளியீட்டோடு மோதுவோமோ என்ற உங்கள் அச்சத்தில் பாதி நியாயம், பாதி வீண் கவலை. 2025 ஆகஸ்ட் 21 அன்று, ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஹாலோ நைட்: சில்க்சாங் செப்டம்பர் 4 அன்று வரும் என்று அறிவித்தார்கள். சரியாக இரண்டு வாரம். டெமன்ஸ்கூல் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து நவம்பர் 19க்கும், பேபி ஸ்டெப்ஸ் செப்டம்பர் 8லிருந்து 23க்கும் நகர்ந்தன. இன்னும் பல சிறிய விளையாட்டுகளும் விலகிக்கொண்டன. மேலே சொன்ன தேதிப் பூட்டு எவ்வளவு முக்கியம் என்பது அந்த வாரத்தில் பலருக்கு உறைத்தது. ஆனால் இதை முன்கூட்டியே கணித்துத் தப்பியிருக்க ஒருவராலும் முடிந்திருக்காது. மறுபக்கம், 2024 பிப்ரவரியில் ஹெல்டைவர்ஸ் 2 வெளியாகி ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு நாட்கள் கழித்து, 20ஆம் தேதி பலாட்ரோ வந்தது. ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. துப்பாக்கி ஏந்திக் கூட்டமாக ஓடுபவரும் சீட்டு அடுக்கி மதிப்பெண் கூட்டுபவரும் ஒரே பொழுதை நாடுபவர்கள் அல்லர். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது பெரிய விளையாட்டுகளை அல்ல, உங்கள் வகையைச் சேர்ந்தவற்றை. உங்கள் வாடிக்கையாளர் இரண்டில் ஒன்றைத்தான் வாங்குவார் என்னும்படியான வியூக விளையாட்டு எதுவும் அதே வாரத்தில் இருக்கிறதா என்று, பூட்டு விழுவதற்கு மூன்று நாள் முன்பு ஒரு முறை பாருங்கள். இருந்தால் இரண்டு வாரம் நகருங்கள். இல்லாவிட்டால் கவலையை விடுங்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும்: கையில் எத்தனை மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறது? நான்கு மாதம் தள்ளிப்போடுவது என்றால் இருவரின் நான்கு மாதச் சாப்பாடும் வாடகையும். ஸ்டீம் தன் பங்காக 30 விழுக்காடு எடுத்துக்கொண்டு, ஒரு மாத விற்பனைக்கான தொகையை அடுத்த மாத இறுதியை ஒட்டித்தான் அனுப்பும் என்பதால், ஏப்ரலில் விற்றது மே மாத இறுதியில்தான் கைக்கு வரும். ஜனவரிக்கு மேல் தாங்காது என்றால் என் அறிவுரை மாறும். அப்போதும் டிசம்பர் வேண்டாம், ஜனவரி மூன்றாம் வாரத்தில் வெளியிடுங்கள். குளிர்கால விற்பனை ஓய்ந்திருக்கும், புதிய வெளியீடுகள் குறைவாக இருக்கும், டெமோவுக்கு நவம்பர் இறுதி முதல் ஆறேழு வாரம் கிடைக்கும். நெக்ஸ்ட் ஃபெஸ்டை இழப்பீர்கள், ஆனால் கடன் வாங்காமல் இழப்பீர்கள்.

பணத்துக்காக ஏர்லி ஆக்சஸில் டிசம்பரிலேயே இறக்கிவிட்டு, முழு வெளியீட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாமே என்றும் தோன்றலாம். வேண்டாம். வாங்குபவர் கண்ணில் ஏர்லி ஆக்சஸ்தான் உங்கள் வெளியீடு. முதல் கவனமும் முதல் ரிவியூக்களும் அங்கேயே செலவாகிவிடும். ஹேடிஸ் அந்த வழியில் 2018 டிசம்பரில் தொடங்கி 2020 செப்டம்பரில் முழுமையாக வந்து பெரும் பெயர் பெற்றது. ஆனால் அதை உருவாக்கியவர்களிடம் இரண்டாண்டுகள் தொடர்ந்து சேர்க்க உள்ளடக்கமும், அதற்கு முன்பே சேர்த்துவைத்த ரசிகர்களும் இருந்தார்கள். முடிந்துவிட்ட விளையாட்டை முடியாததுபோல விற்பது யாருக்கும் நன்மை தராது.

பணம் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இடத்தில் நான் இப்படிச் செய்வேன். நவம்பரில் பில்ட் முடிந்ததும் இரண்டு வாரம் அதைத் தொடாமல் வைத்துவிட்டு, டிசம்பர் முழுவதும் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் டெமோவாகச் செதுக்குவேன். ஜனவரி நடுவில் டெமோ. பிப்ரவரி இறுதியில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட். அது முடிந்த கையோடு மார்ச் தொடக்கத்தில் வெளியிடத் தோன்றும், பலர் அப்படிச் செய்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆனால் வசந்தகால விற்பனை மார்ச் நடுவை ஒட்டி வருகிறது. டெமோவில் கண்ட குறைகளைத் திருத்தவும் உங்களுக்கு நாட்கள் வேண்டும். எனவே ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் ஒரு புதன் அல்லது வியாழனை எடுப்பேன். அப்போது தொடக்கத் தள்ளுபடியும் அதற்குப் பிந்தைய 30 நாட்களும் மே மாதத்தில் முடிந்துவிடும். ஜூன் இறுதிக் கோடைகால விற்பனைக்கு உரிமையோடு போகலாம், உங்கள் விஷ்லிஸ்டில் இருந்தும் வாங்காதவர்களுக்கு இரண்டாவது அஞ்சல் அப்போது போகும். விற்பனைத் தேதிகளைப் பழைய கட்டுரைகளிலிருந்து எடுக்காதீர்கள். நவம்பர் இறுதியில் நடந்துவந்த இலையுதிர்கால விற்பனை 2025இல் செப்டம்பர் இறுதிக்கு மாறியது. அதை அறியாமல் எழுதப்பட்ட அறிவுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வால்வ் தன் நாட்காட்டியைப் பல மாதங்கள் முன்பே உருவாக்குநர்களுக்கு அறிவித்துவிடுகிறது.

பொதுவெளியில் தேதியை அறிவிப்பதை நெக்ஸ்ட் ஃபெஸ்டின் கடைசி நாள்வரை வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பக்கத்தில் ஆண்டு மட்டும் இருந்தால் போதும். விழா முடிந்து ஒரு வாரம் கழித்து எண்ணிக்கையைப் பாருங்கள். 2,300 என்பது ஏழெட்டாயிரமாகியிருந்தால் ஏப்ரல் தேதியை உறுதி செய்யுங்கள். மூவாயிரத்தைச் சுற்றியே நின்றுவிட்டாலும் ஏப்ரலிலேயே வெளியிட்டுவிடுங்கள். அப்போது அக்டோபருக்குத் தள்ளச் சொல்லி யாராவது அறிவுரை சொல்வார்கள். ஆனால் டெமோ திறந்து ஏழெட்டு வாரமாகி, ஒரு விழாவும் கடந்த பிறகு நகராத எண், இன்னும் ஆறு மாதம் சும்மா இருந்ததால் நகர்ந்ததை நான் ஒரு முறையும் கண்டதில்லை.